இஸ்திரி போட்ட பக்கம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆவணி மாதம். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் நலச் சங்கக் கூடத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் நடந்தது இது. இதைச் சொல்ல இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை. வாய் வரவில்லை என்று நான் சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட மல்லுக்கு நிற்கிற ஆள் நான்.

என் கணவர் இங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து நான் உண்டானேன். வேண்டாத தெய்வமில்லை, போகாத டாக்டர் இல்லை. ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் குறித்து வைத்திருந்த நேரத்தில், வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஓடி என்ன செய்ய, எல்லாம் முடிந்திருந்தது.

பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னார். முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்க முடியாது என்று சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அழுது அழுது மூளையே வேலை செய்யாமல் கிடந்த நான், மாட்டைப் போலத் தலையை ஆட்டிவிட்டேன். வெள்ளைத் துணியில் சுற்றி என் கணவரிடம் கொடுத்தார்கள். அவரும் அவர் தம்பியும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். என் மகளின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பீரோவில் வாங்கி வைத்திருந்த குட்டிச் சட்டைகள் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் இருந்த ஃபைல் இல்லை. என் செல்போனில் இருந்த ஸ்கேன் போட்டோக்கள்கூட இல்லை. பார்த்துப் பார்த்து அழுவாள் என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் என் மேல் இருந்த பிரியம். ஆனால் அந்தப் பிரியம் எனக்குத் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. யாரும் அவளைப் பற்றிப் பேச மாட்டார்கள். நான் பேச்சை எடுத்தால் என் கணவர் எழுந்து போய் மோட்டார் போடுவார், டேங்க் நிரம்பியிருந்தாலும்.

ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. கைப்பையின் ஜிப்புக்குள் மடித்து வைத்த ஒரு ஸ்கேன் படம். உள்ளங்கை அளவு பளபளப்புத் தாள். பக்கவாட்டில் ஒரு முகம், நெற்றி, சின்ன மூக்கு, வாய்க்குப் பக்கத்தில் மூடிய ஒரு கை. அதை யாருக்கும் தெரியாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் கடையில் பில் அடித்துத் தருவார்களே, அந்த ரகம். நாளாக ஆக வெளுக்கும். ஓரங்கள் மஞ்சளாகி, அவள் நெற்றி கொஞ்சம் கொஞ்சமாக மங்கத் தொடங்கியிருந்தது.

இந்த நிலைமையில்தான் மாடி வீட்டு அக்கா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சேலம் பக்கத்துக்காரர், அவர் கணவருக்கும் அதே தொழிற்சாலைதான். சங்கக் கூடத்தில் பெண்கள் சிலர் வாரத்தில் இரண்டு மத்தியானம் கூடி ஏதோ கைவேலை செய்கிறார்கள், நீயும் வந்து உட்கார் என்றார். வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கோலப் புள்ளியே நேராக வராது.

போய்ப் பார்த்தால் யாரும் அங்கே டீச்சர் கிடையாது. டேபிள் டென்னிஸ் மேஜை மேல் செய்தித்தாளை விரித்து, ஒருத்தி போனில் பார்த்ததை மற்றவர்கள் செய்து பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு படம் வரைகிற நோட்டு. அதற்கு ஜர்னல் என்று பெயர். பஸ் டிக்கெட், ரவிக்கைத் துணித் துண்டு, பழைய காலண்டர், ஊதுபத்திக் கவர், எது கையில் கிடைக்கிறதோ அதை ஒட்டி, அதன் மேல் வண்ணம் பூசி, அச்சு குத்தி, மனதில் பட்டதை இரண்டு வரி எழுத வேண்டும். அச்சுக்கு வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, பழைய ரப்பர் செருப்பின் அடி. செருப்பில் மாங்காய் வடிவம் செதுக்கினால் அச்சு அவ்வளவு அழகாக விழும். அந்த மாதம் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் வீட்டு ஆண்களுக்குப் பாத்ரூம் செருப்பு இல்லாமல் போனது. வாங்கி வந்த வெண்டைக்காயைப் பார்த்து, இது பொரியலுக்கா பூவுக்கா என்று என் கணவர் கேட்பார். அவர் கேலி பேசியே ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் குவார்ட்டர்ஸைச் சேராத ஒருத்தியும் இருந்தாள். நசரத்பேட்டையில் இருந்து வருவாள். ரவிக்கை தைக்கிறவள், என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். அக்காவுக்கு ரவிக்கை கொண்டுவந்த இடத்தில் இந்த மேஜையைப் பார்த்து, அப்படியே ஒட்டிக்கொண்டாள். பூந்தமல்லியில் பஸ் மாறி, ஒரு பையில் துணித் துண்டும் இன்னொரு பையில் இஸ்திரிப் பெட்டியுமாக வந்து இறங்குவாள். துணியில் அச்சுக் குத்தினால் சூடு காட்டினால்தான் சாயம் நிற்கும். அந்த வேலை அவளுடையது.

அவளுக்கு வாயில் வடிகட்டியே கிடையாது. என்னைப் பார்த்த முதல் நாளே கேட்டாள்.

"இன்னா க்கா, மூஞ்ச உம்முனு வச்சிகினு கீறே? கொயந்தைங்க எத்தினி உனக்கு?"

மேஜையைச் சுற்றி எல்லோர் கையும் நின்றுவிட்டது. இல்லை என்றேன். அக்கா சட்டென்று பேச்சை மாற்றி, பசையை எடு, கத்தரிக்கோலை எடு என்று ஏதேதோ சொன்னார். அவளும் விட்டுவிட்டாள். நடந்தது அவளுக்குத் தெரியாது. பிறகும் யாரும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறார்களாம்.

ஆவணியில் ஒரு மத்தியானம், நான் ஒரு முடிவோடு போனேன். மங்கிப்போகும் அந்தப் படத்தை ஜர்னலில் ஒட்டிவிடுவது. நோட்டுக்குள் இருந்தால் வெளிச்சம் படாது, பத்திரமாக இருக்கும் என்பது என் கணக்கு. செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். இருந்ததெல்லாம் போனில் இருந்துதானே காணாமல் போயின? இதையும் யாராவது பார்த்து அழித்துவிடுவார்களோ என்ற பயம்.

மேஜையின் கோடியில் போய் உட்கார்ந்தேன். இளம் ரோஸ் வண்ணம் பூசிய பக்கத்தின் நடுவில், மைதா பசை தடவி, அவளை ஒட்டினேன். சுற்றிலும் வேப்பிலையில் மை தொட்டுச் சின்னச் சின்னதாக அச்சு வைத்தேன். எழுத வேண்டிய இரண்டு வரி மட்டும் வரவில்லை. பசை ஈரத்தில் தாள் அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. சரி, காயட்டும், அதற்குள் கை கழுவி வருவோம் என்று நோட்டைத் திறந்தபடி வைத்துவிட்டு வெளிக் குழாய்க்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அந்தத் தையல்காரி எல்லோர் நோட்டையும் வரிசையாக வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நெளிந்த பக்கத்தின் மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டு, தைத்த ரவிக்கையை நீவுகிற அதே கையோடு ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. தையல்காரியின் கைக்குச் சுருக்கம் ஆகாது. யாரும் கேட்காமலே செய்கிற உபகாரம். என் நோட்டை முடித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"உன்துகூட போட்டுட்டேன் க்கா. பாரு, எம்மாம் நைசா கீது!"

செய்தித்தாளை எடுத்தேன். பக்கம் நிஜமாகவே நெளிவு இல்லாமல் இருந்தது. வேப்பிலைகள் அப்படியே இருந்தன. நடுவில் என் மகள் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. தாரை ஊற்றியது போல முழுக் கறுப்பு. நெற்றி இல்லை, மூக்கு இல்லை, அந்தக் கை இல்லை. பில் அடிக்கிற தாள் சூடு பட்டால்தானே கறுக்கும்? அந்தப் படத்தை உண்டாக்கியதே சூடுதான். அதே சூடு அதை விழுங்கிவிட்டது. இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கறுப்பை விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

பிறகு நான் போட்ட கூச்சலில் வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். என்னென்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது.

"என் பிள்ளைய எரிச்சிட்டியேடி பாவி!"

அவள் கையில் பெட்டியோடு அப்படியே நின்றாள். பிள்ளையா, எந்தப் பிள்ளை என்று திருதிருவென்று சுற்றிலும் பார்த்தாள். அக்காதான் பெட்டியை வாங்கிக் கீழே வைத்து, அவள் காதோரம் குனிந்து சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"கறுப்புக் காயிதம்னு நெனச்சிகினேன் க்கா. எனுக்குத் தெரியாது க்கா. சத்தியமா தெரியாது."

நான் காதில் வாங்கவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாளே என்று வழியெல்லாம் அவளைத்தான் சபித்தேன். அவள் குலத்தையே இழுத்துச் சபித்தேன். அவ்வளவு ஆங்காரம்.

சாயங்காலம் என் கணவர் வந்தபோது நான் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நோட்டை அவர் மடியில் வைத்தேன். ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னேன், கறுத்ததையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் மோட்டார் போட எழுந்து போகவில்லை. கறுப்புக் கட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அரை நாள் லீவு போட்டு ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போய்க் கேட்டார். பழைய மெஷினை மாற்றிவிட்டார்களாம், அதில் இருந்தவை இப்போது இல்லையாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தன் போனில் இருந்ததையும் சேர்த்து அழித்தது தான்தான் என்று சொல்லி அழுதார். எனக்கு அவரைத் திட்டக்கூடத் தெம்பு இல்லை.

அதன் பிறகு நான் கூடத்துக்குப் போகவில்லை. தையல்காரியும் வரவில்லை என்று அக்கா சொன்னார். வராமல் இருக்கட்டும் என்றேன். ஒரு நாள் அக்கா புதிதாகத் தைத்து வந்த ரவிக்கையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். தையல் முத்து முத்தாக இருந்தது. ஆனால் துணி முழுக்கக் கசங்கல், பந்தாகச் சுருட்டிப் பையில் போட்டு அனுப்பியது போல.

"பொட்டியவே தொட மாட்டேங்கிறாளாம். எல்லாருக்கும் இப்படித்தான் கசங்கலாக் கொடுத்தனுப்புறா. வர்ற துணியும் குறைஞ்சு போச்சாம்" என்றார் அக்கா.

அந்த ரவிக்கையைப் பார்த்ததும் எனக்கு ஏதோ செய்தது. சுருக்கம் ஆகாத கையாயிற்றே அது. ஆனாலும் மனசு இறங்கவில்லை, பாதி வழியில் நின்றுகொண்டது. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள்.

அடுத்த வாரம் அக்கா விடாப்பிடியாக என்னைக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார் என்றார். அன்றைக்குக் கண்ணாடி அச்சு. போட்டோ ஃபிரேம் கண்ணாடியின் ஓரங்களில் டேப் ஒட்டி, அதன் மேல் ஸ்பாஞ்சு ரோலரால் கறுப்பு மை பூசுவது. சீக்கிரம் காயாமல் இருக்க மையில் இரண்டு சொட்டு கிளிசரின். மை மேல் எதையும் வரைய வேண்டியதில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியால் மையைத் துடைத்து எடுக்க வேண்டும். துடைத்த இடம் வெள்ளையாக விழும். பிறகு ஈரத் தாளை மேலே வைத்துக் குழிக்கரண்டியின் முதுகால் தேய்த்தால் அச்சு.

எனக்கும் ஒரு கண்ணாடியைத் தள்ளினார்கள். கறுப்பு மை பூசிய அந்தச் சதுரத்தைப் பார்த்தேன். என் நோட்டில் இருப்பது போலவே ஒரு கறுப்பு. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் கை தானாகப் பஞ்சுக் குச்சியை எடுத்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் நின்று எத்தனை தடவை பார்த்திருப்பேன் அந்தப் படத்தை? நெற்றி வளைவைத் துடைத்தேன். மூக்கைத் துடைத்தேன். வாய்க்குப் பக்கத்தில் மூடிய கையைத் துடைத்தேன். கறுப்புக்குள் இருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தாள். ஸ்கேன் படமும் கறுப்பில் வெள்ளைதானே. ஆனால் கன்னமும் உதடும் வரவில்லை. படத்திலேயே அவை கலங்கலாகத்தான் இருந்தன. எனக்குத் தெரியாததை எப்படித் துடைத்து எடுக்க முடியும்? குச்சியோடு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் தொழிற்சாலை விட்டு, என்னைக் கூட்டிப்போக என் கணவர் வந்திருந்தார். வழக்கமாக வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிப்பவர், அன்று உள்ளே வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்தார். அத்தனை பெண்கள் இருக்கிற இடத்தில், மெதுவாகச் சொன்னார்.

"கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பலா இருந்துச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு எப்படித் தெரியும்?

"நான் பாத்தேன். சுடுகாட்டுல, தம்பி அங்கிட்டுப் போனப்போ, துணிய விலக்கி. அவன்கிட்டகூடச் சொல்லல" என்றார்.

இத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, அவர் அந்த முகத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறார். நான் பார்க்கக்கூடாது என்று ஊரே சொன்ன முகம், அவர் கண்ணில் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அதைவிடப் பெரிதாக ஓர் ஆசை வந்தது. பஞ்சுக் குச்சியை அவர் கையில் கொடுத்தேன். லேத் மெஷினில் வேலை பார்த்துக் காய்ப்புக் காய்த்த கை. கன்னத்தைத் துடைத்தார். உதட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தொடல். தலையில் முடி நிறைய இருந்தது என்று சொல்லி, குச்சியின் நுனியால் மெல்லிய கோடுகளாக எடுத்தார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

தாளை வைத்துக் கரண்டியால் தேய்த்தது நான். உரித்து எடுத்தது இரண்டு பேரும். அச்சில் இடம் வலமாக மாறும் அல்லவா? ஸ்கேன் படத்தில் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, தன் கையில் இருந்தபோது இப்படித்தான் திரும்பியிருந்தாள் என்றார். நான் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். பெரியவர்கள் சொன்னது சரிதான், வாழ்நாளுக்கும் மறக்க முடியாது. எனக்கு மறக்க வேண்டாம். அதைத்தான் யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

கண்ணாடி அச்சில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தாளை எடுத்த பிறகும் கண்ணாடியில் கொஞ்சம் மை மிச்சமிருக்கும். இன்னொரு தாளை வைத்து அழுத்தினால் வெளிறிப்போன ஒரு பிரதி வரும். எங்கள் கூட்டத்தில் அதற்குத் தங்கச்சி என்று பெயர். தங்கச்சியைச் செய்தவர் வைத்துக்கொள்ளக்கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அக்கா இன்னொரு தாளை நீட்டினார். எடுத்தேன். மங்கலாக, ஆனால் அவளேதான். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஆவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, நசரத்பேட்டையில் இறங்கினேன். பெங்களூர் ரோட்டில் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. ரோட்டை விட்டு உள்ளே போனால் பழைய தெரு, விசாரித்துக்கொண்டு போய்விட்டேன். வாசல் அறையில் தையல் மெஷின் மேல் ஒரு பழைய போர்வை மூடியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அடிக்க வந்தேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"இன்னாத்துக்கு க்கா இம்மாந் தூரம் வந்தே? சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்து உன் கால்ல வியுந்திருப்பேனே" என்றாள்.

தாளை நீட்டினேன். வாங்கவில்லை. உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புடவையில் துடைத்து, அது போதாது என்று துண்டில் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கினாள். வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நெத்தி உன்துதான் க்கா. அச்சு அசல் உன்துதான்."

நான் வரும் வழியெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டிய சமாதானத்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். உன் மேல் தப்பில்லை, நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய், மறுபடி கூடத்துக்கு வா, பெட்டியை எடு. ஒன்றையும் சொல்ல அவள் விடவில்லை. தாளில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"பாப்பா பேர் இன்னா க்கா?"

யாரும் கேட்டதில்லை அதை. ஆஸ்பத்திரியில் கேட்டதில்லை, வீட்டில் கேட்டதில்லை, என் அம்மாகூடக் கேட்டதில்லை. பெயர் வைப்பதற்கு முன்னால் போனது, அதற்கு ஏது பெயர் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு பெயர் இருந்தது. பெண்தான் என்று நம்பி, அசைவு தெரிந்த முதல் நாளே நான் மனதுக்குள் வைத்துவிட்ட பெயர். பிறப்பதற்கு முன்னால் சொன்னால் கண் படும் என்று என் கணவரிடமும் சொல்லவில்லை, பிறகு சொல்ல ஆளே இல்லை.

சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அவள் அதை ஒரு தடவை தன் வாயால் சொல்லிப் பார்த்தாள். தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போலச் சொன்னாள். என் மகளின் பெயரை இன்னொருவர் குரலில் நான் கேட்டது அப்போதுதான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கீரைக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அழுது தீராத அழுகையெல்லாம் அழுதேன். அவளும் அழுதாள். யார் யாரைத் தேற்றினோம் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடமும் அந்தப் பெயரைச் சொன்னேன்.

இப்போதெல்லாம் துக்கம் நடந்த வீட்டுக்குப் போனால், மறந்துவிடு என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, போனவரின் பெயரைக் கேட்கிறேன், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை.